இடத்தை அடைக்காத பொருள்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் என் மகள், "கல்யாண நாளுக்கு ஒனக்கும் அப்பாவுக்கும் இன்னாம்மா வாங்கித் தரட்டும்?" என்று கேட்டாள். இடத்தை அடைக்காத எதையாவது என்று சொல்ல வந்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அது என் அப்பா சொன்ன வார்த்தை.

தொண்ணூற்றொன்றில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. எனக்குப் பத்து வயது. அண்ணனும் அக்காவும் வளர்ந்து நின்ற பிறகு, யாரும் எதிர்பாராமல் பிறந்தவள் நான். ஒரகடத்தை ஒட்டிய ஊரில் எங்கள் வீடு. ஒரே அறை, அதோடு ஒட்டின சமையல்கட்டு. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே தங்கியிருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் எதையாவது தூக்கிக்கொண்டு வருவான். ஸ்டீல் டிரம், இரும்பு ஸ்டாண்டு, ஆளுயரக் கண்ணாடி. அந்த ஸ்டாண்டில் அப்பா கால் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாத வாரமில்லை.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொள்வது என்று முடிவானதும் அப்பா ஒரு உத்தரவு போட்டார்.

"யாரு இன்னா கொண்டாந்தாலும் எடத்த அடைக்காததா கொண்டாங்க. வூட்ல இன்னும் நான் ஒருத்தன் நிக்கத்தான் எடம் கீது."

நான் இதைப் போட்டியாகவே எடுத்துக்கொண்டேன். காரணம் அக்கா. மணிமங்கலத்தில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியும் வீட்டில் அவள் பேச்சுத்தான். நான் கோலம் போட்டால், "பெரியவ போட்டா புள்ளி இப்புடி நவுராது" என்பாள் அம்மா. நான் தண்ணீர் எடுத்து வந்தால், பெரியவள் எடுத்தால் தளும்பாது.

பல நாள் யோசித்து, உண்டியலை உடைத்து, ஒரு சந்தன சோப்பு வாங்கினேன். தேய்க்கத் தேய்க்கக் கரைந்துவிடும். ஒரு மாதத்தில் இருந்த இடம் தெரியாது. இதைவிட இடத்தை அடைக்காத பொருள் உலகத்தில் உண்டா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கோயிலிலிருந்து திரும்பியதும் அண்ணன் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தான். "மடிச்சி வச்சா செவுரோட செவுரா பூடும்பா" என்றான். விரித்துப் பார்க்க இடமில்லை. "இதுல நான் குந்தணும்னா அந்த டிரம்ம தெருவுல வெக்கணும்டா" என்றார் அப்பா.

அடுத்தது என் சோப்பு. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு அதைப் புடவைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"தேச்சிக் குளிம்மா."

"இம்மாம் நல்ல சோப்ப யாராச்சும் தேய்ப்பாங்களா? வாசனையா கெடக்கட்டும்."

கரைந்துபோக வேண்டிய சோப்பு பெட்டிக்குள் நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது.

அக்கா வெறுங்கையோடு வந்திருந்தாள். மாமாவும் வரவில்லை, வேலை இருக்கிறது என்றாள். தோளில் ஒரு பெரிய ரெக்சின் பை மட்டும் தொங்கியது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இன்னாடி, கையில ஒன்னத்தையும் காணோம்? பஸ்லயே வுட்டுட்டியா?" என்றான் அண்ணன்.

"என்னையே கொண்டாந்துகீறேன். பத்து நாள் இருந்து ரெண்டு பேருக்கும் ஆக்கிப்போட்டுட்டுப் போறேன். எடத்த அடைக்காது."

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இவ ஒருத்திக்குத்தான் நான் சொன்னது புரிஞ்சிது" என்றார். போட்டி அத்தோடு முடிந்தது.

ஆனால் அக்கா இடத்தை அடைத்தாள். அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவே என் பாய் விரிக்கும் இடம் அன்றே அவளுக்குப் போனது. நான் டிரம்முக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே போனேன். பிறகு அந்த ஸ்டாண்டையும் கொல்லைப்புறம் தள்ளிவிட்டு, அப்பா நடக்க வழி செய்தாள். அவர் கால் நகத்தை வெட்டிவிட்டாள். அம்மாவை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. அவள் ஒவ்வொரு வேலையை முடிக்கும்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

நல்ல பரிசு ஒன்றை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள், கடைசி நாளில் எடுத்து நீட்டப் போகிறாள் என்று எனக்குச் சந்தேகம். அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்து பார்த்தேன். புடவைகள், கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளைக் குங்குமச் சிமிழ், சட்டத்தோடு ஒரு சாமி படம், அடியில் பாலிதீன் கவருக்குள் அவளுடைய பத்தாவது சர்டிபிகேட். பத்து நாளுக்கு யாராவது இத்தனையும் தூக்கி வருவார்களா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தினமும் காலண்டர் தாளைக் கிழித்து என் புத்தகத்துக்குள் சேர்த்து வைத்தேன். பத்தும் சேர்ந்தது. அக்கா புறப்படுகிற பேச்சையே எடுக்கவில்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் வந்திருந்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அக்கா, பத்து நாள் ஆயிப்போச்சி. நீ எப்ப போற?"

பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"ஆமா இல்ல? மச்சான் தேட மாட்டாரா?" என்றான் அண்ணன்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் அக்கா முகத்தைப் பார்த்தாள். "இன்னா பெரியவளே, அங்க எல்லாம் சரியாத்தான கீது?"

அக்கா அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "சரியாத்தாம்மா கீது. நாளைக்குப் பொறப்படறேன்" என்றாள். பிறகு என் தட்டில் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏன்டி, நான் ரொம்ப எடத்த அடைச்சிட்டனா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் பையில் இருந்தவை பத்து நாளுக்கான சாமான்கள் இல்லை என்று எனக்கு விளங்க, நானே ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அன்றைக்கே விளங்கியதா என்று அவள் இருந்தவரை நான் கேட்கவில்லை. அக்காவும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அக்கா மணிமங்கலம் போனாள். அம்மா பெட்டியைத் திறந்து என் சந்தன சோப்பை எடுத்து அவள் பையில் வைத்து அனுப்பிவிட்டாள். அந்தக் கோபத்தில் நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.