நந்தியாவட்டையும் என் வாயும்

செடி விற்பது பாதி மண்வேலை, பாதி வாய்வேலை. நர்சரி வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடையாறில் ஒரு நடைபாதை ஓரம் எனக்குக் கடை. ரோஜாவுக்கு நாம் பேச வேண்டாம், அதுவே பேசிக்கொள்ளும். நந்தியாவட்டை மாதிரி அடக்கமான செடிக்குத்தான் நம் வாய் தேவைப்படுகிறது.

வாசனைக்குப் பதில்

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். பூவை முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் ஆரம்பித்தேன். இடுப்புயரத்தில் வெட்டிவிட்டால் தொட்டியிலேயே அடங்கும், அரை வெயில் போதும், வருஷம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூக்கும், சிவனுக்கு உகந்தது. மாமி அசையவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்: கண்ணுக்கு மருந்து.

அந்த மருந்தை எப்படிப் போடுவது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. மாமியும் கேட்காமல் பையை விரித்தார். “அதை முன்னாடியே சொல்லப்படாதோ? எங்காத்துல எல்லாரும் போனைப் பார்த்துண்டே கண்ணைக் கெடுத்துண்டிருக்கா.”

வேர் பார்த்தவர்

தி.நகர் துணிக்கடை மேனேஜர் ஒருவர் நட்டு வளர்க்கக் குச்சி கேட்டார். பென்சில் கனத்தில், நாலு கணுவோடு வெட்டி, வடிந்த பாலைத் துடைத்துக் கொடுத்தேன். நிழலில் நடுங்கள், மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் கையே வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மூன்றே வாரத்தில் காய்ந்த குச்சியோடு வந்து நின்றார். நல்லதைச் சொன்னால் ஜனங்களுக்குக் காதில் ஏறுகிறது, நிபந்தனை மட்டும் ஏறுவதில்லை. “டெய்லி எடுத்துப் பார்த்தேன் சார், ஒரு நாள்கூட வேர் விடல.”

மேரியக்கா கிள்ளிய பூ

என் கடைக்குப் பக்கத்தில் மீன் விற்பவர் மேரியக்கா. தினமும் காலையில் நாலு நந்தியாவட்டைப் பூவைக் கிள்ளிக்கொண்டு போவார். மாதா படத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் வஞ்சிரம் நறுக்கும்போது கத்தி விரலில் இறங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. ஆறு மாதமாகப் பார்வை மங்கலாக இருக்கிறதாம். பூவைக் காம்போடு கசக்கிக் கண்ணில் பிழிந்துகொள்கிறாராம். அந்தக் காம்புப் பால் தோலில் பட்டாலே எனக்கு அரிக்கும். பார்வை போனால் கத்தி பிடிக்க முடியாது, கத்தி பிடிக்காவிட்டால் அக்காவுக்குப் பிழைப்பே இல்லை.

எந்த மடையன் இதைச் சொன்னது என்று கத்தினேன். அவர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “நீதான் நைனா. வர்றவன் போறவன்கிட்டல்லாம் கண்ணுக்கு மருந்து, கண்ணுக்கு மருந்துன்னு சொல்லிக்கினு கீறியே.”

காலியாக இருந்த இடம்

அப்போதே ஆட்டோ பிடித்துக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்புரை. பால் பட்ட புண் ஆறிய பிறகுதான் ஆபரேஷன் செய்யலாம், பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்த வைத்தியத்தை யார் சொன்னது என்று அவர் கேட்டபோது நான் சுவரிலிருந்த கண் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மேரியக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு மாதம் பக்கத்து இடம் காலி. கண் மருந்துப் பேச்சை அடியோடு விட்டேன், நந்தியாவட்டையும் விற்காமல் நின்றது. பிறகொரு காலை, ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு மேரியக்கா வந்தார். கூடையை இறக்கியதும் நேராக நந்தியாவட்டையிடம் போனார். தடுக்க எழுந்தேன். அவர் பூவைத் தொடவில்லை, இலையைத் திருப்பிப் பார்த்தார். “இன்னா நைனா, அடில பூரா மாவுப்பூச்சி கீது. போய் உன் கண்ண காட்டிக்கினு வா, நான் கடைய பாத்துக்கறேன்.”

இந்தத் தொழிலில் பூச்சி செடியில் இருந்தால் நாமே மருந்தடித்துவிடலாம், நம் நாக்கில் இருந்தால் மட்டும் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.