டோர்ஸா, பிங்க் ஃபிளாய்டா

ஏற்காட்டில் காபி எஸ்டேட் மெக்கானிக்காக முப்பது வருடம் வேலை பார்த்தவர் லூர்துசாமி. ஹிப்பிக் காலத்து சைக்கடெலிக் ராக் குழுக்களில் டோர்ஸ்தான் பெரியது என்பார். மனைவி ஜெசிந்தா பிங்க் ஃபிளாய்ட் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை.

காபிப்பழத் தோல் உரிக்கும் மெஷினின் இரைச்சலில் அவர் காது மந்தமாகிக்கொண்டே வந்து, போன வருடம் முழுக்கப் போய்விட்டது. சேலத்து டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெசிந்தா அவரை வம்புக்கு இழுத்தாள். "ஏனுங்க, பிங்க் ஃபிளாய்ட்தானுங்க ஒசத்தி" என்று நோட்டில் எழுதிக் காட்டினாள்.

அவர் நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே ஜெயிச்சுக்கோ ஜெசி. டோர்ஸ் பாட்டு எப்படிப் போகும்னே எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. நொம்ப நாளா யோசிச்சுப் பாக்கறேன்."

ஜெசிந்தா பேனாவை எடுத்தாள். ஒரு மெட்டை எப்படி எழுதிக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.