கைமாறி வந்த ஃபோல்டர்

அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் லோஷினியின் பிழைப்பு. செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் பதினோரு வருஷம். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் ஒன்று, உள்ளே இருக்கும் பொருள் வேறொன்று என்றால் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் தன் சொந்த ஆய்வேட்டின் முன்னால் மூன்று வாரம் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

வேலை பார்த்துக்கொண்டே ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்குப் பதிந்தவள் அவள். ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த ஆறு வருஷம் முடிகிற வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோப்பை ஏற்றாவிட்டால் பதிவு ரத்து, செய்ததெல்லாம் வீண். பாமாயில் எடுக்கும் செம்பனையின் கொட்டைச் சாம்பலைக் கலந்து செங்கல் செய்யும் ஆராய்ச்சி. கல்லெல்லாம் நன்றாகத்தான் வந்தது. எழுத்துதான் வரவில்லை.

துறையில், ஆய்வேட்டைக் கணினி டெம்ப்ளேட்டில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதில் நாம் தட்டுவது ஒரு இடம், பக்கமாக வருவது இன்னொரு இடம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனி சின்னக் கோப்பில் எழுத வேண்டும். தலைமைக் கோப்பு என்று ஒன்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். பொத்தானை அழுத்தினால் ஆய்வேடு தயார். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் முடித்த பிரவீனா தன் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அங்கே அதுதான் வழக்கம். தேறியவரின் ஃபோல்டர் ராசியானது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டியதுதான். பிரவீனாவுக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது, தெரியாது. ஓடுகிற வண்டியைத் தொடுவானேன் என்று ஒவ்வொருவரும் புரியாததை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

நாற்பத்து மூன்று கோப்புகள். சிலவற்றுக்கு ஆங்கிலப் பெயர், சிலவற்றுக்கு மலாய்ப் பெயர். லோஷினி முதல் நாளே சமர்ப்பணத்தை எழுதி முடித்தாள். அது மட்டும்தான் அவளுக்கு யோசிக்காமல் வந்தது. ‘என் அப்பா சதாசிவத்துக்கு, எழுபத்திரண்டு மூட்டைச் சாம்பலைத் தோளில் சுமந்தவருக்கு.’

பொய்யில்லை. காஹாங்கில் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டியவர் சதாசிவம். ஆலையில் கெஞ்சிக் கேட்டு, சாம்பலை உர மூட்டையில் கட்டி, லீவு நாளில் ஸ்கூடாய் வரைக்கும் ஏற்றி வந்து, மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்துக்குத் தானே சுமந்து ஏறினார். லிஃப்டில் ஏற்ற விடவில்லை, தூசி படுமாம்.

ஞாயிறு தவறாமல் அவர் கூப்பிடுவார். ஒரே கேள்விதான், எப்போது வருகிறாய் என்று. தீசிஸ் முடியட்டும்ப்பா என்பாள். ஏழு மாதமாக அதே பதில். குளுவாங் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண்புரை எடுத்தபோதும் அதே பதில்தான். ஒன்றரை மணி நேரப் பயணம், அவ்வளவுதான் தூரம். குற்ற உணர்ச்சி அவளைப் பிடுங்கித் தின்றது. அதற்குத்தான் அந்த ஒரு வரி, முடித்ததும் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று.

முதல் அத்தியாயம் ஒழுங்காக வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நான்காவதை எழுதிப் பொத்தானை அழுத்தினால், மூவார் ஆற்றுச் சேற்றைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம் வந்தது! அது பிரவீனாவின் ஆராய்ச்சி. மறுபடி அழுத்தினாள், அதே சேறு. கணினியை அணைத்துப் போட்டாள், சேறு போகவில்லை. தான் எழுதியதுதான் எங்கே போனது? எழுதினோமா, எழுதியதாக நினைத்துக்கொண்டோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பிரவீனாவைக் கேட்டால், அலமாக், ஐயோ, நான் எதையும் தொடவே இல்லை என்று கையை விரித்தாள்.

புதன்கிழமை மதியம் தொழிற்சாலையில் லேபிள் மாறிய ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பிய கையோடு அவளுக்கு உறைத்தது. லேபிளைப் பார்க்காமல் பொருளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலைமைக் கோப்பைத் திறந்தாள். அது முதல் மூன்று அத்தியாயங்களை ஆங்கிலப் பெயரிலும், மற்றதை, அத்தியாயத்துக்கு மலாயில் பாப் என்பதால், ‘பாப் நான்கு’, ‘பாப் ஐந்து’ என்று மலாய்ப் பெயரிலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளோ எல்லாவற்றையும் ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்பில் எழுதியிருந்தாள். எந்தப் புண்ணியவான் பாதியில் மலாய்க்கு மாறினாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

வியாழன் லீவு போட்டு உட்கார்ந்தாள். அத்தியாயம் அத்தியாயமாகப் பெயரை மாற்றி, பக்கம் பக்கமாகப் பார்த்தாள். சேறு போயிற்று, சாம்பல் வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ஏற்றினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தபோது அழுகையே வந்துவிட்டது.

தேத்தண்ணி கலந்துகொண்டு, இனி நிம்மதியாகப் பார்க்கலாம் என்று முதல் பக்கத்திலிருந்து திறந்தாள். தலைப்பு, உறுதிமொழி. அடுத்தது சமர்ப்பணம்.

‘மறைந்த என் தந்தையின் நினைவுக்கு. நான் முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.’

இது அவள் எழுதியதில்லை. பிரவீனாவும் எழுதியிருக்க முடியாது, அவள் அப்பா தங்கள் தாமான் குடியிருப்பின் பிள்ளையார் கோயிலில் வாராவாரம் பஞ்சாமிர்தம் கலக்குகிறார். அவளுக்கும் முன்னால் யாரோ ஒருவர், சமர்ப்பணத்துக்கு மலாய்ப் பெயர் வைத்த ‘டெடிக்காசி’ கோப்பில் எழுதியது, பிரவீனாவும் பார்க்காமல் விட்டது. தலைமைக் கோப்பு அதைத்தான் கூப்பிட்டிருக்கிறது. முதல் நாளே முடித்த வேலையாயிற்றே என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் சரிபார்க்கவில்லை. தரம் பார்க்கிறவளாம்!

யாரோ எழுதியது என்று புத்திக்குத் தெரிகிறது. இருந்தும் உடனே அப்பா வீட்டுக்கு ஃபோன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை அடித்தாள். மூன்றாம் தடவை எடுத்தது அப்பாதான். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாராம்.

“ஏத்திட்டியா?” என்றார்.

ஏற்றிவிட்டேன் என்றாள். அப்புறம் மறைக்க முடியாமல், உளறிக் கொட்டி, பக்கத்தில் அச்சாகியிருப்பதைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் தீனிக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“யாரெல்லாம் படிப்பாங்க?”

“எக்ஸாமினர் மூணு பேருப்பா. வைவா, நேர்ல கேள்வி கேக்குறது, முடிஞ்சதும் மாத்திடலாம்.”

“அது எப்போ?”

“ரெண்டு மாசம் ஆகும்.”

“ரெண்டு மாசத்துக்கு நான் செத்தவன்தானா?” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“சரி, மாத்து. மாத்துறதுக்கு முன்ன, ஒருவாட்டி வந்து என்னைப் பாத்துட்டுப் போம்மா.”