கிண்ணியாத் துறையில் ஒரு சோதினைக்காரர்

1974இல் ஒரு ஞாயிறு, பட்டச் சான்றிதழைப் பெரியப்பாவிடம் காட்டப் பட்டணம் புறப்பட்டேன். கிண்ணியாத் துறையில், கயிறிழுத்து லொறியையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும் பாதை என்னும் மிதவையில், தடித்த புத்தகத்தோடு இருந்தார் அரசாங்கக் கச்சேரியில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதர் ஸெய்னுதீன் நானா. அக்கரை வந்தும் அவர் இறங்கவில்லை.

"வீட்ட ஏழு புள்ளயள், தம்பி. கணக்காளர் சோதினைக்கு இவர் இஞ்சதான் போய்ப்போய் வந்து படிக்கிறார்," என்றார் பாதைக்காரர்.

"கடைசிப் பாடம் மூணு தரம் பெயில். இனி ஒரு தரந்தான் எழுத ஏலும்," என்றார் நானா.

"அதுவும் போனா வாங்க, கயிறிழுக்க ஆள் தேவை!" என்றார் பாதைக்காரர்.

நானா சிரிக்கவில்லை. புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "பட்டதாரித் தம்பி, கேளுங்க பாப்பம்."

வரிச் சட்டத்தில் கேட்டதெல்லாம் சொன்னார். ஒன்றில் மட்டும் தடுமாற, தினமும் பாதையில் அவர் படிப்பதைக் கேட்டுப் பழகிய மீன் வியாபாரி ஒருவர் எடுத்துக்கொடுத்தார். நாலு தரம் போய் வந்ததில் என் பஸ் போய்விட்டது.

அந்த முறை நானா தேறிவிட்டார். பிறகு பட்டணத்தில் கணக்காளராக இருந்தார்.