கவிச்சி இல்லாத ஜெல்லி

பாண்டியம்மா அக்கா போய்விட்டார்.

காலையில் போன் வந்தது. எல்லாம் முடிந்து இப்போதுதான் அக்கா ஊரான சிலமலையிலிருந்து போடிக்கு வந்து இறங்கினேன். தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஈரத்தைத் துவட்டக்கூடத் தெம்பில்லை.

நம் ஏலக்காய் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். காய் பொறுக்குகிற இடத்தில் ஜன்னலோரம், எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கும். குவியலில் ஒரு காய் வெளுத்திருந்தாலும் அக்கா கண்ணுக்குத் தப்பாது.

தொண்டையில் கட்டி. தண்ணீரே மல்லுக்கட்டித்தான் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஜெல்லி மாதிரி வழுக்கிக்கொண்டு போவதாகக் கொடுங்கள் என்றார்களாம். மகள் கவிதா கடையில் பாக்கெட் வாங்கி, கிண்டி, ஆறவைத்துக் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அக்கா முதலில் பாக்கெட்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தது.

"ஏன்டி, சைவத்துக்குப் போடுற பச்சப் புள்ளி எங்க? இது செவலையால்ல இருக்கு?"

கவிதா போனில் தேடிப் பார்த்துவிட்டு முழித்தாள். ஜெலட்டின்... மாட்டெலும்பு, தோலில் எல்லாம் எடுப்பதாம்.

அக்கா கிண்ணத்தைத் தள்ளிவிட்டது.

விஷயம் இதுதான். கவிதா பிரசவத்தில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, மகள் பிழைத்தால் சாகிறவரை கவிச்சி தொடமாட்டேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது அக்கா. அதற்கப்புறம் முட்டைகூடத் தொட்டதில்லை.

"எனக்காகத்தானம்மா நேந்த? நானே சொல்றேன், சாப்பிடும்மா. ஆத்தா ஒண்ணும் செய்ய மாட்டா."

"ஒனக்கு ஒண்ணுன்னா யாருடி பதில் சொல்றது? எடுத்துட்டுப் போ."

அதோடு கஞ்சியைக் கொண்டுபோனாலும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது. மகளுக்கு ஆகாமல் போய்விடுமோ என்ற பயம். இங்கே இதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

மளிகைக் கடை பாய்தான் சொன்னார். "கடல்பாசி வாங்கிட்டுப் போம்மா. நோன்புக்கு எங்க வீட்ல இதத்தான் காய்ச்சுவாங்க. சுத்த சைவம்."

வேலை முடிந்து வந்து, கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்து, எலுமிச்சையும் விட்டு, பாசியையும் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டேன். உறையவே இல்லை. ஊதா நிறத்தில் ரசம் மாதிரி ஆடிக்கொண்டு கிடந்தது. புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாசி கட்டாதாம். எனக்கென்ன தெரியும்.

மறுநாள் சரியாக வந்தது. டப்பாவில் போட்டு பஸ் ஏறிப் போனேன். அக்கா ஒரு வாய் வாங்கியதும் முகத்தைச் சுளித்தது.

"ஏலக்காய எதுக்குடி போட்ட? கொமட்டுது."

"ஆத்தா சத்தியமா போடலக்கா!"

கவிதா டப்பாவை மோந்து பார்த்தாள், அப்புறம் என் கையை. "உங்க கைதான் சித்தி."

பழத்தைப் பிழிந்த கை. சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். நாள் முழுக்க காயில் கிடக்கிற எங்களுக்கு அந்த வாசம் மூக்குக்குத் தெரியாமல் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. படுக்கையில் விழுந்து, கம்பெனிப் பக்கம் வராமல் இருந்ததில் மூக்குக்கு வாசம் திரும்பிவிட்டது. அதுவும் இப்படியா திரும்ப வேண்டும்?

சீயக்காய், புளி எல்லாம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டைலர்.

"ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறவன ஜெல்லி கிண்டச் சொல்றியே, நல்லா இருக்கா? போடி, சோலியப் பாரு."

சொல்லிவிட்டு அவரேதான் ஊறவைத்த பாசியை எடுத்து அடுப்பில் வைத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"நல்லாக் கிண்டுங்க, அடிப்பிடிச்சிரும்."

"கரைஞ்சிருச்சுடி."

"இன்னும் நூல் நூலாத் தெரியுது பாருங்க. கண்ணாடி மாதிரி ஆகணும். சீனியப் போட்டு எறக்கிட்டு, அப்புறமா ஜூஸ ஊத்துங்க. வெரசா ஊத்துங்க, இல்லன்னா அங்கனயே கட்டிரும்!"

"ஏய், நீ வந்து கிண்டேன் அப்ப!"

அதை அக்கா சாப்பிட்டது. நிதானமாக, வாயில் வைத்திருந்து வைத்திருந்து முழுங்கியது. யார் செய்தது என்று சொன்னதும் அதற்குச் சிரிப்பு. சத்தம் வராத சிரிப்பு.

"பிசிறில்லாமத் தச்சிருக்காப்ல ஒன் வீட்டுக்காரரு."

அன்றைக்கு பஸ்சில் வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் தினமும் இதே பாடுதான். வேலை, வீடு, டப்பா, பஸ். மாதுளையில் ஒருநாள், தர்பூசணியில் ஒருநாள் அவர் கிண்டிக் கொடுப்பார். ஒருநாள் கிண்ணம் காலியாகும். ஒருநாள் ஒரு கரண்டியோடு வாயைக் கையால் மூடிக்கொள்ளும்.

"வேணாம்டி... அசதியா இருக்கு."

"எனக்குந்தான்க்கா அசதியா இருக்கு. வாயத் தெற."

திறக்கும். பாவம்... எனக்காகத் திறக்கும்.

போன வாரத்திலிருந்து அதுவும் இல்லை. உதட்டில் தடவினால் அப்படியே நின்றது.

இன்று தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். நான் ஓரமாகத்தான் நின்றேன். கவிதா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "நீங்களும் போடுங்க சித்தி. கடைசி வரைக்கும் ஊட்டுனது நீங்கதான்."

போட்டேன்.

ஒரு கரண்டிக்கு எவ்வளவு கெஞ்சவிட்டது இந்த மனுஷி. இன்று நான் போட்ட அரிசியை வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

போய்ட்டு வாங்கக்கா. ஒங்க மக நல்லா இருப்பா.