பட்டனுக்குப் பிடித்தவள்

அமெரிக்காவின் துலூத் நகரத்தில் ஜனவரி மாதம் ஏரிக்காற்று சன்னல் இடுக்கில் ஊசியாய் நுழையும். அந்தக் குளிரில்தான் கொரின் கணவனைப் பிரிந்து, இரண்டு பெட்டிகளோடு அக்கா மார்லிஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கணவன் போனபின் அவளுக்கென்று மிஞ்சிய ஒரே உயிர் பட்டன். காது தொங்கும் சாம்பல் முயல். அதற்காக விளக்கு வயர், டிவி வயர் எல்லாவற்றுக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய் மாட்டினாள். செடித்தொட்டிகளை உத்தரத்தில் தொங்கவிட்டாள். சோபாவின் பின்புறம் பலகை அடித்தாள். வளை தோண்டும்போது குறுக்கிடும் வேரைக் கடித்தெறியும் பிறவி முயல். வேருக்கும் வயருக்கும் அதற்கு என்ன வித்தியாசம்? மீறி எங்காவது பல்லை வைத்தால் கைதட்டி அதட்டுவாள். பட்டன் ஓடி ஒளியும்.

ஒரு நாள், உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டோடு வந்த மார்லிஸ் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கொரினின் பாதத்தருகே பட்டன் பொத்தென்று சரிந்து, வயிற்றைக் காட்டிக் கண் சொருகிக் கிடந்தது. முழுசாக நம்பியவர்களிடம்தான் முயல் அப்படிச் சாயும். மார்லிஸிடம் ஒருநாளும் சாய்ந்ததில்லை.

"பாரேன் மார்லிஸ், என்கிட்ட எப்படி ஒட்டிக்கிச்சு!"

"கொத்தமல்லியக் காட்டி மயக்கியிருப்ப. சின்ன வயசுலேர்ந்து உனக்கு அதுதானே பொழப்பு."

"அட, முயலுக்குப் போய் சண்டையா? போலீஸ்காரி மாதிரி நீ கைதட்டிக்கிட்டே இருந்தா அது எப்படி உன்கிட்ட வரும்?"

மார்லிஸின் நெஞ்சு எரிந்தது. அம்மா, பள்ளித் தோழிகள், எல்லோருமே கொரின் பக்கம்தான் சாய்ந்தார்கள். இப்போது இதுவுமா?

ஞாயிறு மதியம் கொரின் சூடேற்றும் மின்போர்வைக்குள் சுருண்டு சோபாவில் தூங்கிப்போனாள். அதன் வயர் குழாய் இல்லாமல் தரையில் கிடந்தது. எடுத்துவிடக் குனிந்த மார்லிஸ், நிமிர்ந்துகொண்டாள். கிடக்கட்டும். போர்வை பாழாகட்டும். 'இதுதான் நீ செல்லம் கொடுக்கிற லட்சணமா?' என்று ஒரு தடவையாவது கொரினைக் கேட்கலாமே!

பட்டன் தத்தித் தத்தி வந்தது. மோந்து பார்த்தது. வயரில் வாயை வைத்தது.

வயரில் மின்சாரம் பாய்வது அப்போதுதான் மார்லிஸுக்கு உறைத்தது. ஐயோ, போகப்போவது போர்வையா?

"பட்டன்!"

கைதட்டி அலறிக்கொண்டே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். பட்டன் துள்ளி சோபாவில் ஏறி, கொரினின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கொரின் பதறி எழுந்தாள். "என்ன பண்ணின? இப்படி நடுங்குதே! மறுபடியும் மிரட்டினியா?"

மார்லிஸ் பிளக்கைச் சுற்றி வயரைச் சுருட்டினாள்.

"ஆமா, மிரட்டினேன். இன்னமும் மிரட்டுவேன்."

"பயப்படாத செல்லம், நான் இருக்கேன்ல," என்று கொரின் அதன் காதைத் தடவினாள்.

பட்டனின் சின்ன வயிறு ஏறி ஏறி இறங்குவதை மார்லிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு தடவை தொட வேண்டும் போலிருந்தது. கை நீட்டினால் அது இன்னும் உள்ளே ஒடுங்கும் என்றும் தெரிந்தது.