ஆறு மணிக்கு முன் கிளம்பிவிடுகிறவர்

செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் அவளைப் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்திரண்டு. மெழுகை உருக்கி ஈறு செய்வாள், அச்சுக்குப் பல் பொருத்துவாள். கல்யாணப் பேச்சு வந்தால், “வாய்க்குள்ள வேலை தலைக்கு மேல இருக்கு” என்று சிரித்து நழுவிவிடுவாள்.

கூடத்துக்குக் கீழே இருந்த கடைக்கு ரொட்டி கொண்டுவரும் வேன்காரருக்கு முன்பல் உடைந்தது. பல் மருத்துவர், புதுப் பல்லுக்கு நிறம் பார்த்துவர அவரைக் கூடத்துக்கு அனுப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவர் உதட்டருகே வைத்துப் பார்த்தாள்.

“ரொம்ப வெள்ளையா வேண்டாங்க. மத்த பல்லெல்லாம் கோவிச்சுக்கும்” என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்படித் தொடங்கியது. வேலை முடிந்ததும் பூங்காவைச் சுற்றி நடப்பார்கள். இரண்டு வருடம். ஆனால் ஒருநாள்கூட ஆறு மணிக்குமேல் அவர் இருந்ததில்லை. பக்கவாட்டில் தேநீர் நீட்டினால் வாங்கமாட்டார்; இரண்டு முறை அது தரையில் கொட்டியது.

ஒருநாள் கேட்டேவிட்டாள். “வீட்டுல பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்காளா?”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். “இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. ஓரமெல்லாம் மறைஞ்சுக்கிட்டே வருது. அம்பது வயசுக்குள்ள முழுசாப் போயிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அவள் அழவில்லை. “ஓரம் தெரியாமதான் வேன் ஓட்டறீங்களா?”

“பகல்ல மட்டும்தான்...”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் பகல்லதான் ரோட்டுல போகுது. முதலாளிகிட்ட இன்னைக்கே சொல்லுங்க.”

“வேலை போயிடும்.”

“போகட்டும். ஒரு உயிர் போறதுக்கு அது பரவாயில்ல. சொல்லிட்டு வாங்க, அப்புறம் நம்மளப் பத்திப் பேசலாம்.”

அதன்பின் ஒரு மாதம் அவர் வரவில்லை. விஷயம் தெரிந்த அவள் அம்மா, “ஊருல ஆம்பளைக்கா பஞ்சம்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண் போவதைவிட, இரண்டு வருடம் மறைத்ததுதான் அவளை அறுத்தது.

வந்தபோது கூடத்துப் படியில் சுவரைப் பிடித்தபடி நின்றார். முதலாளியிடம் அன்றே சொல்லிவிட்டாராம். வண்டியை விட்டு, ரொட்டி அடுக்கும் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், சம்பளம் குறைவு.

“உன் முகத்துல முழிக்க ஒரு மாசம் ஆச்சு. இப்போ சொல்லு.”

“எனக்கு டைம் வேணும். பரிதாபத்துல சரின்னு சொல்லிட்டா, தினம் தினம் செத்துக்கிட்டு இருப்போம்.”

மீண்டும் நடந்தார்கள். அது நல்ல காலமாக இல்லை. அவர் எரிந்து விழுந்தார். தெருவைக் கடக்கக் கை கொடுத்தால் உதறினார். அவளோ நோயாளியிடம் பேசுவதுபோல் பார்த்துப் பார்த்துப் பேசினாள். அந்தப் பேச்சு அவளுக்கே பிடிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம். வேலை அதிகம் என்று வரவில்லை அவள். மறுநாள் அவர், “இப்பவே அலுத்துப்போச்சா?” என்றார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “ஆமா, அலுத்துப்போச்சு! உங்களுக்கு மட்டும்தான் கஷ்டமா? ரெண்டு நாளா முதுகு நிமிர்த்த முடியல எனக்கு. ஒரு வார்த்தை கேட்டீங்களா?” பூங்காவே திரும்பிப் பார்த்தது.

அவர் தலையை முழுதாக அவள் பக்கம் திருப்பினார். பிறகு, “முதுகு எங்க வலிக்குது?” என்று கேட்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது: இன்று அவர் கண் ஞாபகத்துக்கே வரவில்லை. சமமான ஒருவரோடு சண்டை போட்டிருக்கிறாள். அவரையே கட்டிக்கொள்ளப்போவதாக அன்றே அம்மாவிடம் சொன்னாள். அம்மா கல்யாண வேலை எதிலும் கைவைக்கவில்லை; பதிவு அலுவலகத்துக்கு மட்டும் வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு நேரே ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிகிறது. போன வாரம் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், “என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கீங்களா அக்கா?” என்று கேட்டாள்.

“பட்டிருக்கேன்” என்றாள் பல்லக்கா. “இந்த வருஷம் ரெண்டு தடவ. அவரும் பட்டிருப்பாரு, நான் கேட்டதில்ல.”